குடியால் வாடும் குடும்பத்தாருக்கு

(குடும்ப ஞானபாடம்)



குடிப்பவர்களுக்குப் புத்தி சொல்லும் பிரசங்கங்களை நீங்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். தபசுக்கால ஞான ஒடுக்கத்தில் அதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்குவதும் உண்டு. ஆனால் அந்தப் பிரசங்கம் நடக்கும்போது கோவிலில் உட்கார்ந்திருப்பது யார்? பெரும்பாலும் குடிக்கிறவர் அங்கே இல்லை. அவருடைய மனைவி இருக்கிறாள், தாய் இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியின் கொடுமையை அவர்களுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது வேறு: "சுவாமி, நாங்கள் என்ன செய்வது? எப்படித் தாங்குவது?" ஆகையால் இந்த வாரப் பாடம் குடிக்கிறவருக்கு அல்ல. அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிற உங்களுக்கு.

இதில் எந்த வீட்டுச் சங்கதியும் எழுதப்படவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது அங்கேயே அடங்கிவிடும். வாசிக்கும்போது "இது எங்கள் வீட்டைப் பற்றியதோ" என்று தோன்றினால், இந்த நோய் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே விதமாக நடந்துகொள்கிறது என்பதே அதற்குக் காரணம்.

1. இது பாவமா, நோயா?

"குடிவெறி பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். ஆஸ்பத்திரியில் அதை நோய் என்கிறார்கள். எது சரி?" என்று பலர் கேட்கிறார்கள்.

இரண்டும் சரியே. புத்தி மயங்கும் என்று அறிந்தும், மனதார, அளவுக்கு மிஞ்சிக் குடிப்பது பாவம். ஆனால் நாள்பட நாள்படச் சாராயத்துக்கு உடலும் மூளையும் பழகிப்போய், அது இல்லாமல் கை நடுங்கும், தூக்கம் வராது, வேறு நினைவே ஓடாது என்ற நிலை உண்டாகிறது. அப்போது மனிதனுடைய மனத்தீர்மானம் கட்டுண்டு கிடக்கிறது. 1956-ம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர் சங்கம் இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூலோ, பழக்கத்தின் வலிமை ஒருவனுடைய குற்றப் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று போதிக்கிறது. ஆகையால் அவருடைய குற்றம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது சர்வேசுரனுடைய வேலை, நம்முடையதல்ல.

ஆனால் நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. காசநோய் வந்தவனை நோய் வந்ததற்காக நாம் திட்டுவதில்லை. அவன் மருந்து சாப்பிட மறுத்து, பிள்ளைகளின் முகத்துக்கு நேரே இருமிக்கொண்டிருந்தால் கண்டிக்கிறோம். குடி நோயாளிக்கும் இதே கணக்குத்தான். நோய்க்காக இரங்க வேண்டும்; வைத்தியத்தைத் தேடும் கடமையிலிருந்து அவரை விடுவிக்கக்கூடாது.

2. உங்கள் தோளில் ஏறியிருக்கும் சுமைகள்

முதலாவது, குற்ற மனம். "நான் எதிர்த்துப் பேசாதிருந்தால் அவர் குடிக்கமாட்டாரோ?" "நான் செல்லம் கொடுத்து வளர்த்ததால்தான் மகன் கெட்டானோ?" சில வீடுகளில் மாமியாரே, "நீ சரியாயிருந்தால் என் பிள்ளை ஏன் குடிக்கிறான்?" என்று மருமகள்மேல் பழியைப் போட்டுவிடுகிறாள். சற்று யோசியுங்கள். கூலி கிடைத்தால் சந்தோஷம் என்று குடிக்கிறார். கிடைக்காவிட்டால் துக்கம் என்று குடிக்கிறார். மழை பெய்தால் குளிர். வெயில் அடித்தால் அலுப்பு. குழம்பில் உப்புக் கூடினதால் ஒருவருக்குக் கோபம் வரலாம், குடிநோய் வராது. காரணம் தேடுகிற மனதுக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் செய்யாத பாவத்துக்குப் பொறுத்தல் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, வெட்கம். உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதில்லை; வீட்டுக்கு ஒருவரையும் அழைப்பதில்லை; கோவிலிலும் கடைசி வாங்கில் உட்கார்ந்து, பூசை முடியுமுன் எழுந்து போய்விடுகிறீர்கள். இந்த வெட்கம் உங்களுடையதல்ல. கானாவூர்க் கலியாணத்தில் ஒரு வீட்டின் மானம் போக இருந்தபோது தேவமாதா அதைக் கண்டும் காணாதவளாக இருக்கவில்லை. தன் திருக்குமாரனிடம் போய்ச் சொன்னாள். குறையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது குடும்பத்தைக் காட்டிக் கொடுப்பதாகாது.

மூன்றாவது, பொய். "அவருக்குக் காய்ச்சல், இன்று வேலைக்கு வரமாட்டார்" என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்புவது. கடன்காரர் வந்தால் வீட்டில் இல்லை என்பது. மூத்த மகளையும் அப்படியே சொல்லப் பழக்குவது. அவரைக் காப்பாற்றவே இதைச் செய்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு பொய்யும் அவர் குடியின் விலையை அவர் கண்ணுக்குத் தெரியாதபடி மூடி வைக்கிறது.

நான்காவது, கோபம். இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் பாத்திரம் துலக்கும்போது "இவர் செத்தாலாவது நிம்மதி" என்று ஒரு நினைவு வந்து போகிறது. உடனே பயந்துபோய், "எனக்குச் சாவான பாவம் வந்துவிட்டதா, சுவாமி?" என்கிறீர்கள். மனதில் தானாக எழும்பி, நீங்களே வெறுத்துத் தள்ளுகிற நினைவு பாவமாகாது. அது களைத்துப்போன இருதயத்தின் முனகல். அதைச் சேசுநாதரிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். சங்கீதங்களை எழுதியவர்கள் இதைவிடக் கடுமையான வார்த்தைகளைக் கடவுளிடம் கொட்டியிருக்கிறார்கள்.

3. ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் செய்யாத காரியம்

ஊதாரிப் பிள்ளையின் உவமை உங்களுக்கு மனப்பாடம். தகப்பன் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்ததும், தூரத்தில் கண்டவுடன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதும் நமக்கு நன்றாய்த் தெரியும். அவன் செய்யாத ஒரு காரியத்தை நாம் கவனிப்பதில்லை. மகன் தூரதேசத்தில் பணத்தை அழித்துப் பட்டினி கிடந்தபோது, தகப்பன் அவனுக்கு மணியார்டர் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் சிலகாலம் கூத்தும் விருந்தும் நடந்திருக்கும். பன்றிகளின் நடுவில் பசியோடு உட்கார்ந்த அந்த நாளில்தான் அவனுக்குப் புத்தி தெளிந்தது.

தகப்பன் கதவையும் அடைக்கவில்லை, காசும் அனுப்பவில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததே உண்மையான அன்பு. நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வாயால் ஓயாமல் சபிக்கிறோம். கையால் கடனை அடைக்கிறோம்.

ஆகையால் சில காரியங்களை இன்றே நிறுத்திவிடலாம். அவர் குடித்து வைத்த கடனை, தாலியை அடகு வைத்தோ மகளிர் குழுவில் கடன் வாங்கியோ அடைக்காதீர்கள். வேலை ஸ்தலத்துக்கு அவருக்காகப் பொய் சொல்லி அனுப்பாதீர்கள். "வெளியே விழுந்து கிடப்பதற்கு வீட்டிலேயே குடிக்கட்டும்" என்று நீங்களே வாங்கி வைக்காதீர்கள். அவர் உடைத்ததை அவர் எழுந்திருக்குமுன் கூட்டிப் பெருக்கி மறைத்துவிடாதீர்கள். காலையில் அவர் கண்ணால் காணட்டும். ஆனால் அவர் மயங்கிக் கிடந்தாலோ, வாந்தி எடுத்து மூச்சுத் திணறினாலோ, பாடம் கற்பிக்கும் நேரம் அதுவல்ல. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108 வண்டியை அழையுங்கள்.

வெறியில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம். அப்போது பேசுவது மனிதனல்ல, சாராயம். மறுநாள் தெளிந்திருக்கும் வேளையில், பிள்ளைகள் இல்லாதபோது, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "நேற்று இரவு இன்னது நடந்தது. பிள்ளை பயந்து அழுதது. வைத்தியரிடம் வாருங்கள், நானும் கூட வருகிறேன். இனி உங்கள் கடனை நான் அடைக்கமாட்டேன்." சொன்னதைச் செய்ய முடியுமானால் மாத்திரம் சொல்லுங்கள். செய்யாத மிரட்டலை நூறு தடவை கேட்டவருக்கு அது தாலாட்டாகிவிடும்.

4. டப்ளின் நகரத்துக் கூலியாள்

அயர்லாந்து தேசத்தின் டப்ளின் நகரில் 1856-ல் பிறந்தவர் மத்தேயு டால்பட். தகப்பனும் சகோதரரில் பலரும் குடிப்பவர்கள். இவரும் ஏறக்குறைய 12 வயதில், மது வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோதே குடிக்கத் தொடங்கினார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சம்பாதித்ததையெல்லாம் குடித்தார். 1884-ல் ஒருநாள் கையில் காசில்லாமல் கடையின் அருகே நின்றுகொண்டு, தாம் முன்பு வாங்கிக் கொடுத்த நண்பர்களில் ஒருவராவது உள்ளே அழைப்பார் என்று காத்திருந்தார். ஒருவரும் அழைக்கவில்லை. மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்பினார். குடியை விடுவதாகத் தாயிடம் சொன்னார். அன்றே குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மாத்திரம் பிரதிக்கினை எடுத்தார். பிறகு ஆறு மாதத்துக்கு. பிறகு ஆயுள் முழுவதற்கும். அதன்பின் 41 ஆண்டுகள் ஒரு சொட்டும் தொடவில்லை. 1925-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

இதில் உங்களுக்கு இரண்டு பாடம் உண்டு. ஒன்று, அன்று யாராவது இரக்கப்பட்டு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தச் சரித்திரமே இருந்திராது. இரண்டு, முதல்நாளே ஆயுள்கால வாக்குறுதியை அவரிடமிருந்து ஒருவரும் பிடுங்கவில்லை. பிள்ளையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவதும், வேதாகமத்தின்மேல் அடித்துச் சொல்ல வைப்பதும் வேண்டாம். சத்தியம் தவறியபின் அந்த வெட்கத்தை மறக்கவே மறுபடியும் குடிக்கிறார்.

5. வைத்திய விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, நாள் தவறாமல் அதிகமாய்க் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. தபசுக்காலத் தொடக்கத்திலோ, வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தும்போதோ பலர் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் நிறுத்தின சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் காணும். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றுவார்கள். இதைப் பேய் என்றும் செய்வினை என்றும் எண்ணி, மந்திரிக்கவும் கட்டிப்போடவும் கொண்டுபோகிறவர்கள் உண்டு. இது பேயல்ல. மூளை சாராயத்தைக் கேட்டுத் துடிப்பது. கவனியாவிட்டால் உயிரே போகும். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து, சில நாட்களில் நிலைமையைச் சரிப்படுத்துவார்கள். ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஜெபியுங்கள்.

இரண்டாவது, "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரத்தைக் கண்டு, பொடியையோ மாத்திரையையோ சாப்பாட்டில் கலந்து கொடுக்காதீர்கள். டைசல்பிராம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் மார்வலியும் வரும், இரத்த அழுத்தம் இறங்கும், சாவும் நேரிடலாம். நோயாளியின் சம்மதத்தோடு, வைத்தியர் பரிசோதித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. அவரறியாமல் கொடுப்பது அவர் உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, ஆஸ்பத்திரியிலிருந்து தெளிந்து வந்தவுடன் நோய் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பலர் ஒருதடவைக்கு மேல் விழுந்தே எழுகிறார்கள். விழுந்துவிட்டால், "எனக்கு அப்போதே தெரியும்" என்று சொல்லாதீர்கள். அர்ச். இராயப்பர் மூன்றுதரம் மறுதலித்தார். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடாமல், மறுபடியும் கூப்பிட்டு, அன்பைப் பற்றியே கேட்டார்.

6. அடி உதை உள்ள வீட்டில் எது சிலுவை?

இதை மிகவும் தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது. "மெய்விவாகம் செய்தாயிற்று, அடித்தாலும் உதைத்தாலும் பொறுத்துக்கொள்வதே சிலுவை, வீட்டை விட்டுப் போவது பாவம்" என்று எண்ணிக்கொண்டிருக்கிற தாய்மார் நம் பங்கிலும் இருக்கலாம். அப்படிச் சொல்லிக் கொடுக்கிற பெரியவர்களும் இருக்கலாம். திருச்சபையின் போதனை அதுவல்ல.

1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153-ம் சட்டத்தின் கருத்து இது: கணவனோ மனைவியோ மற்றவருடைய ஆத்துமத்துக்காவது சரீரத்துக்காவது, அல்லது பிள்ளைகளுக்காவது பெரும் ஆபத்தை உண்டாக்கினால், பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு. மேற்றிராணியாருடைய தீர்ப்பின்படி பிரியலாம். தாமதம் ஆபத்தானால் சொந்த முடிவாகவே பிரியலாம். மெய்விவாகக் கட்டு அதனால் அறுந்துபோகாது. காரணம் நீங்கினபின் சேர்ந்து வாழ முயல வேண்டும். 2016-ல் பாப்பரசர் பிரான்சிஸ் குடும்ப அன்பைக் குறித்து வெளியிட்ட ஏட்டிலும், பலவீனரையும் சிறு பிள்ளைகளையும் காப்பாற்றச் சில சமயங்களில் பிரிவு அவசியமாகிறது என்று போதித்தார்.

ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடினபோது, அர்ச். சூசையப்பர் "சிலுவை வந்தது, ஏற்றுக்கொள்வோம்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எஜிப்து தேசத்துக்குப் போனார். குழந்தையைக் காப்பாற்ற ஓடுவது திருக்குடும்பம் நடந்த வழி.

அடிக்கிற வீடானால், முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நம்பிக்கையான ஒரு வீட்டாரிடம் நிலைமையைச் சொல்லி வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் இவற்றை ஒரு பையில் எடுத்து வையுங்கள். பெண்களுக்கான 181 என்ற எண்ணிலும் குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் உதவி கேட்கலாம். வீட்டு வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு 2006 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மனைவி மாத்திரமல்ல, மகனிடம் அடிபடும் தாயும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்றும் உத்தரவு பெறலாம். பங்குக் குருவின் வீட்டுக் கதவையும் எந்த நேரத்திலும் தட்டலாம்.

7. பிள்ளைகள்

பிள்ளைகளுக்குத் தெரியாது என்று எண்ணாதீர்கள். தகப்பன் செருப்புச் சத்தத்திலிருந்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணக்குப் போடப் பழகிவிடுகிறார்கள். மூத்த பெண் பத்து வயதிலேயே தாயாகிவிடுகிறாள். ஒரு பையன் வாய் திறப்பதில்லை. இன்னொருவன் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் அடிக்கிறான். "நான் நன்றாய்ப் படித்தால் அப்பா குடிக்கமாட்டார்" என்று மனதுக்குள் நேர்ந்துகொள்ளும் பிள்ளையும் உண்டு.

அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு ஒரு வியாதி. அது உன்னால் வந்ததல்ல. அப்பாமேல் உனக்குக் கோபமும் வரலாம், அன்பும் இருக்கலாம், இரண்டும் தப்பில்லை." கடையிலிருந்து தகப்பனை அழைத்து வரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பாட்டில் வாங்கி வர ஒருபோதும் அனுப்பாதீர்கள். உங்கள் துக்கத்தையெல்லாம் மூத்த மகளிடம் கொட்டி அவளைத் தோழியாக்கிவிடாதீர்கள், அவள் குழந்தை. தகப்பனைப் பற்றி இழிவான வார்த்தைகளைச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். சனிக்கிழமைக் கூலி வாங்கும் இரவில் பிள்ளைகள் படிக்கவும் தூங்கவும் பாட்டி வீடோ பக்கத்து வீடோ ஏற்பாடாகட்டும். ஒரு வேளைச் சோறு, ஒரு இரவு நல்ல தூக்கம், தவறாமல் ஒரு குடும்ப ஜெபம்: இந்த மூன்றும் கிடைக்கிற பிள்ளை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

8. ஜெபம் கேட்கப்படவில்லையே!

"பத்து வருஷமாக ஜெபமாலை சொல்கிறேன், நவநாள் தவறவில்லை, அவர் மாறவில்லையே?" இது நியாயமான கேள்வி. சர்வேசுரன் மனிதனுக்குக் கொடுத்த சுயாதீனத்தைப் பறித்துக்கொள்வதில்லை. அவர் தட்டுகிறார், உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. உங்கள் ஜெபம் வீணாகவில்லை. அது இன்றுவரை உங்களை நிற்க வைத்திருக்கிறதல்லவா? ஆனால் ஜெபமாலையை அவர் காதில் விழும்படி சாட்டையாகச் சுழற்ற வேண்டாம். "குடிகார மனுஷன் திருந்த வேண்டும்" என்று உரக்கக் கருத்து வைத்து ஜெபித்தால், அவர் வெளியே போய்விடுவார். மெதுவாக அவர் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். அதோடு உங்களுக்காகவும் ஜெபியுங்கள். பல தாய்மார் தங்களுக்காக ஜெபிப்பதையே மறந்துவிட்டார்கள்.

அர்ச். மோனிக்கம்மாளை நினையுங்கள். அவளே சிறுபெண்ணாக இருந்தபோது, சாடியிலிருந்து திராட்சை இரசம் மொண்டுவரப் போகும் வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகி, வேலைக்காரப் பெண் ஒருத்தி "குடிகாரி" என்று ஏசினபின் வெட்கி விட்டுவிட்டாள் என்று அவள் மகன் அர்ச். அகுஸ்தீனாரே எழுதி வைத்திருக்கிறார். அவள் கணவன் முன்கோபி, கற்புத் தவறியவனும்கூட. அவன் கொதிக்கும்போது பேசமாட்டாள். தணிந்தபின் எடுத்துச் சொல்லுவாள். அவன் சாகுமுன் ஞானஸ்நானம் பெற்றான். மகனுக்காக அவள் அழுத வருஷங்களோ பல. 387-ல் அவன் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணால் கண்டாள். அவள் அழுதாள், ஆனால் அழுகையிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. மகனைப் பின்தொடர்ந்து கடல் தாண்டிப் போனாள். மேற்றிராணிமாரிடம் போய் ஆலோசனை கேட்டாள். ஜெபமும் முயற்சியும் அவளிடத்தில் சேர்ந்தே நடந்தன.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னிப்பது வேறு, அனுமதிப்பது வேறு. அவரை மனதார மன்னித்துவிட்டு, சம்பளப் பணத்தை அவர் கையில் கொடுக்க மறுக்கலாம். அதில் முரண்பாடு இல்லை.

குடியிலேயே கணவனையோ மகனையோ இழந்தவர்களும் நம்மில் உண்டு. கடைசி மூச்சில் அந்த ஆத்துமத்துக்கும் ஆண்டவருக்கும் இடையே நடந்ததை ஒருவரும் அறியார். அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுங்கள், நம்பிக்கையோடிருங்கள்.

9. தனியாகச் சுமக்க வேண்டாம்

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியில் அழிந்துகொண்டிருந்த ஒரு பங்கு வியாபாரியும் ஒரு வைத்தியரும் சந்தித்து, ஒருவரையொருவர் தாங்கித் தெளிவோடிருக்க முடியும் என்று கண்டார்கள். அதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. கூட்டுறவின் ஆரம்பம். ஆஸ்பத்திரிகள் குடிகாரரைச் சேர்க்கத் தயங்கின அந்தக் காலத்தில், 1939 முதல் அதே நகரத்து அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் இஞ்ஞாசியம்மாள் என்ற கன்னியாஸ்திரீ அவர்களுக்கு இடம் கொடுத்தார். குணமாகிப் போகிறவர் கையில் சேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, "மறுபடியும் குடிக்கத் தோன்றினால், முதலில் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ" என்ற நிபந்தனை வைப்பாராம்.

குடிப்பவரின் வீட்டாருக்கும் ஒரு கூட்டம் தேவை என்று அந்த வியாபாரியின் மனைவி கண்டார். அதனால் 1951-ல் அல்-அனான் உண்டாயிற்று. 1957 முதல் நம் தேசத்திலும் ஏ.ஏ. நடக்கிறது, பல ஊர்களில் கோவில் வளாகங்களிலும் பள்ளிக்கூட அறைகளிலும் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை, பெயரை வெளியிடுவதில்லை. கணவன் ஏ.ஏ.வுக்குப் போக மறுத்தாலும் மனைவி அல்-அனானுக்குப் போகலாம். அவர் திருந்தும்வரை நீங்கள் சுகமாகக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

சென்னையில், குடியால் கணவனை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் குடிநோய் வைத்தியசாலை ஒன்றை ஏற்படுத்தினார். நோயாளிக்கு மாத்திரமல்ல, வீட்டாருக்கும் அங்கே போதனையும் ஆறுதலும் கொடுக்கும் முறை உண்டாயிற்று. 1992-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தன் துக்கத்தை அவர் பிறருக்கு மருந்தாக்கினார். போதை நோய்க்கு எங்கே வைத்தியம் என்று அறிய 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

10. மற்றப் பங்கு மக்களுக்கு

உங்கள் வீட்டில் குடி இல்லையானால், அதற்காகத் தோத்திரம் சொல்லிவிட்டுப் பாடத்தை மூடிவிடாதீர்கள். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது, 1948-ல் சென்னை ராஜதானி முழுவதும் பரவியது, 1971-ல் தளர்ந்தது, திரும்ப வந்தது, மறுபடியும் போயிற்று. 2003 முதல் அரசாங்க டாஸ்மாக்கே கடைகளை நடத்துகிறது. சட்டம் வந்தாலும் போனாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இராத்திரி நம் கையிலும் இருக்கிறது.

ஞானஸ்நான விருந்திலும், முதல் நன்மை விருந்திலும், கலியாணத்திலும் மது பரிமாறாதீர்கள். விட்டிருப்பவரை "ஒருநாள் தானே" என்று அழைக்காதீர்கள். குடிப்பவருக்குக் கைமாற்றுக் கொடுக்காதீர்கள். அவர் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தெருவில் தள்ளாடுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்; அவர் மகனும் அந்தத் தெருவிலேயே நிற்கிறான். மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இப்படிப்பட்ட வீடுகளைச் சந்திக்கும்போது, உபதேசத்தைக் குறைத்து, காதை அதிகமாய்க் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரத்துக்கு

குடிப்பவர் வீட்டாரே, இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். அவருக்காகச் சொல்லிவந்த ஒரு பொய்யை நிறுத்துங்கள். நம்பத்தகுந்த ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இரவில் படுக்குமுன் இந்தச் சிறு ஜெபத்தைச் சொல்லுங்கள்:

"சேசுவே, இவரை உம்முடைய கையில் ஒப்புவிக்கிறேன். இவரைப் படைத்தவர் நீர், நானல்ல. நான் செய்ய வேண்டியதைச் செய்யத் தைரியமும், என்னால் ஆகாததை உம்மிடம் விட்டுவிட அமைதியும் எனக்குத் தாரும். என் பிள்ளைகளின் தூக்கத்தைக் காத்தருளும். தேவமாதாவே, அர்ச். சூசையப்பரே, எங்கள் வீட்டில் தங்கியிருங்கள். ஆமென்."

பூசை முடிந்தவுடன் அவசரமாக எழுந்து போக வேண்டாம். கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். அந்த இடமும் உங்களுடையதே.

உங்கள் பங்குக் குரு